பத்து நிமிடம் போதும், தினமும் வேண்டும்

தியானத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது." உட்கார்ந்ததும் மனம் அடங்கிவிட வேண்டும், அடங்காவிட்டால் தனக்குத் தியானம் வராது என்று முடிவு கட்டி எழுந்துவிடுகிறார்கள். உலகத்தில் தியானம் செய்யும் அத்தனை பேருக்கும் நடப்பதுதான் அவர்களுக்கும் நடந்தது. அதைத் தோல்வி என்று எண்ணியதில்தான் தவறு. இந்த அத்தியாயத்தின் கட்சி ஒன்றுதான். மனம் அலைவதும், அலைந்ததைக் கவனிப்பதும், திரும்பி வருவதும் சேர்ந்ததே பயிற்சி. இதை ஒப்புக்கொண்டால் எவ்வளவு நேரம் உட்காருவது, எங்கே உட்காருவது, எதை முன்னேற்றம் என்று எண்ணுவது ஆகிய கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே எளிதாகிவிடும். பத்து நிமிடம் போதும் என்று துணிந்து சொல்வதும், ஆனால் அது தினமும் வேண்டும் என்று வற்புறுத்துவதும் இந்த ஒரு காரணத்தால்தான்.

மனம் அலைவது உங்கள் ஒருவரின் பலவீனம் இல்லை என்பதற்கு அளந்து பார்த்த சான்று இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் செல்போன் வழியாக நாளின் வெவ்வேறு நேரங்களில் "இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டார்கள். கேட்ட தடவைகளில் ஏறத்தாழ 47 சதவீதத்தில், செய்துகொண்டிருந்த வேலையை விட்டு மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. விழித்திருக்கும் நேரத்தில் பாதியளவுக்கு ஊர் சுற்றும் மனம், நீங்கள் கண்ணை மூடிய அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் எப்படிக் கட்டுப்பட்டு நிற்கும்? இன்னொன்று, சும்மா உட்காருவதே மனிதருக்குக் கடினம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிமோத்தி வில்சன் குழுவினர் 2014இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், தனி அறையில் கால் மணி நேரம் வேறெதுவும் செய்யாமல் தன் எண்ணங்களோடு இருக்கச் சொன்னார்கள். விரும்பினால் தனக்குத் தானே லேசான மின் அதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பொத்தானும் இருந்தது. அந்த அதிர்ச்சியை முன்பே அனுபவித்து, அது மறுபடி வராமலிருக்கக் காசுகூடக் கொடுப்பேன் என்று சொன்னவர்களிலேயே 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அந்தப் பொத்தானை அழுத்தினார்கள். முதல் நாள் உட்கார்ந்ததும் எழுந்து ஓடத் தோன்றினால், உங்களிடம் குறை இருக்கிறது என்று எண்ண வேண்டாம்.

பழைய நூல்களும் இதை மறைக்கவில்லை. கீதையின் ஆறாவது அத்தியாயத்தில் அர்ச்சுனன் வைக்கும் முறையீடே இதுதான். காற்றைப் பிடிப்பதுபோல் இருக்கிறது இந்த மனத்தைப் பிடிப்பது என்கிறான். அந்த அத்தியாயத்தில் மனம் அலையாது என்ற உறுதி எங்கும் இல்லை, அலையும்போதெல்லாம் திருப்பிக் கொண்டுவா என்ற வழிமுறைதான் இருக்கிறது. சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதன் அருமையைத் தாயுமானவர் பாடியபோது, அதற்கு முன் மதயானையையும் புலியையும் வசப்படுத்துவதையெல்லாம் எளிய காரியங்களாக வரிசைப்படுத்தினார். இவர்கள் ஒப்புக்கொண்டதை இன்று முதல் நாள் உட்காருகிறவர் ஒப்புக்கொள்ளத் தயங்குவதுதான் விந்தை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹேசன்கேம்ப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமாகப் பார்த்தது. தியானத்தில் பழகிய 14 பேர் மூளைப்படம் எடுக்கும் கருவிக்குள் படுத்தபடி மூச்சைக் கவனித்தார்கள். மனம் போய்விட்டது என்று தெரிந்த கணத்தில் ஒரு பொத்தானை அழுத்தினார்கள். பழகியவர்களும் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டியிருந்தது. ஆய்வாளர்கள் அந்தச் சுற்றை நான்கு கட்டமாகப் பிரித்தார்கள்: மனம் அலைகிறது, அலைந்தது தெரிகிறது, கவனம் திரும்புகிறது, மூச்சில் நிற்கிறது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து. ஒவ்வொரு கட்டத்திலும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் வேலை செய்தன. பாட்டுக் கற்றுக்கொள்கிறவருக்குத் தன் குரல் சுருதியை விட்டு விலகியது காதில் விழும் கணம் எப்படியோ, இரண்டாவது கட்டம் அப்படி. விலகியது தெரிந்தவர்தான் சேர முடியும். அதனால் பத்து நிமிடத்தில் முப்பது தடவை மனம் ஓடி, முப்பது தடவையும் நீங்கள் திரும்பியிருந்தால், அன்றைய பயிற்சி நன்றாகவே நடந்திருக்கிறது.

இனிச் செய்முறைக்கு வரலாம். இதில் சொல்ல அதிகமில்லை. சம்மணம் போட்டு உட்கார முடிந்தவர்கள் இடுப்புக்கடியில் நான்காக மடித்த போர்வை ஒன்றை வைத்துக்கொள்ளட்டும்; இடுப்பு உயர்ந்து முழங்கால் தாழ்ந்தால் முதுகு தானே நிமிரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலியே சரி, பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்தால்தான் தியானம் என்று யாரும் தன்னைத் துன்புறுத்திக்கொள்ள வேண்டாம். கைகளை மடியில் விடுங்கள். கண்ணை மூடலாம்; தூக்கம் சொக்கினால் பாதி திறந்து தரையைப் பார்க்கலாம். மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம், இது பிராணாயாமம் இல்லை. அது போகிறபடி போகட்டும். நாசித் துவாரத்தில் காற்று உரசும் இடம், அல்லது மூச்சோடு ஏறி இறங்கும் வயிறு, இரண்டில் எது தெளிவாகத் தெரிகிறதோ அதை மட்டும் கவனியுங்கள். பர்மாவின் மஹாசி சயாதோ வழியில் வந்தவர்கள் வயிற்றையும், கோயங்கா வழியில் வந்தவர்கள் நாசியையும் எடுத்துக்கொள்வார்கள். தொடங்குகிறவருக்கு எது உயர்ந்தது என்ற ஆராய்ச்சி தேவையில்லை. ஒன்றை எடுத்தால் எட்டு வாரத்துக்கு மாற்றாமல் இருப்பதுதான் தேவை. ஒவ்வொரு மூச்சு வெளியேறும்போதும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எண் தவறிவிட்டால் எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம், ஒன்றுக்கு வந்துவிடுங்கள். "ஓடிப்போச்சு" என்று தெரிந்ததே போதும். திட்டிக்கொண்டு திரும்புவது கூடாது, ஏனென்றால் அந்தத் திட்டும் இன்னொரு எண்ணம்தான், அதன் பின்னாலும் மனம் ஓடும்.

எவ்வளவு நேரம் என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஆர்வம் பொங்கும் முதல் நாளில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, மூன்றாம் நாள் கால் மணி, ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை என்று முடியும். பத்து நிமிடம் என்று நான் சொல்வது கீழ் எல்லை மட்டுமல்ல, முதல் எட்டு வாரத்துக்கு அதுவே மேல் எல்லையும். நன்றாக அமைந்த நாளில்கூட நீட்ட வேண்டாம். நீட்டினால் அடுத்த நாளின் பத்து நிமிடம் அற்பமாகத் தெரியும். நேற்றுப்போல் வரவில்லையே என்ற ஏக்கமும் சேர்ந்துகொள்ளும். பத்து நிமிடத்தில் என்ன கிடைத்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜூலியா பாஸோவும் உடனிருந்தோரும் 2019இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வைக் காட்டலாம். முன்பு தியானம் செய்திராதவர்கள் தினம் 13 நிமிடம் வழிகாட்டும் குரலைக் கேட்டுத் தியானம் செய்தார்கள். ஒப்பிடுவதற்காக இன்னொரு குழு அதே நேரம் ஒலிபரப்பு நிகழ்ச்சி கேட்டது. நான்கு வார முடிவில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. எட்டாவது வாரத்தில்தான் தியானக் குழுவின் கவனமும் நினைவாற்றலும் மனநிலையும் மேம்பட்டிருந்தன. இதில் 13 நிமிடம் என்பதைவிட, நான்கு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலானவர்கள் கைவிடுவது அந்த வெறும் நான்கு வாரத்துக்குள்தான். பலன் தெரியாத காலத்தைத் தாண்டுவதற்கு ஒருவருக்கு வேண்டியது நீண்ட அமர்வு இல்லை, மறுக்க முடியாத அளவுக்குச் சிறிய அமர்வு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979இல் ஜான் கபட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில் வீட்டில் தினம் 45 நிமிடம் செய்யச் சொல்கிறார்கள். தியானத்தின் நன்மை பற்றிய மருத்துவ ஆய்வுகளில் கணிசமான பங்கு அந்தப் பயிற்சியை வைத்தே நடந்தது. அப்படியிருக்க, 45 நிமிடத்தின் பலனைக் காட்டிப் பத்து நிமிடத்தை விற்கலாமா? விற்கக் கூடாது. அதிக நேரம் செய்தவர்களுக்குப் பலனும் ஓரளவு அதிகம் என்று தொகுப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தத் தொடர்பு பெரியதல்ல, ஆனால் இருக்கிறது. அதே தொகுப்பு ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. முறையான வகுப்பும் ஆசிரியரும் உடன் பயில்வோரும் இருந்தும், வீட்டில் செய்யச் சொன்ன நேரத்தில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் செய்தார்கள். புத்தகத்தைப் பார்த்துத் தனியாகத் தொடங்குகிறவருக்கு அந்தத் துணை எதுவும் கிடையாது. நிலைத்த பழக்கம் ஒன்று கைவந்த பிறகு நேரத்தைக் கூட்டுவது எளிது. நேரத்தை வைத்துக்கொண்டு பழக்கத்தை உண்டாக்குவது அரிது. அதனால்தான் வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

பழக்கம் எப்படி நிலைக்கிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2010இல் அச்சானது. ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலை, தினமும் நடக்கும் வேறொரு செயலோடு சேர்த்துச் செய்தார்கள். காலை உணவுக்குப் பின் இது, மதியச் சாப்பாட்டோடு அது என்று. யோசிக்காமலேயே செய்யும் நிலை வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்று ஊரில் சொல்லப்படும் கணக்கை நம்பி, 22ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று யாரும் சோர்ந்துபோக வேண்டாம். அந்த ஆய்வில் இன்னொரு ஆறுதலும் உண்டு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. தினமும் வேண்டும் என்று வற்புறுத்திவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். கல்யாண வீடு, ஊர்த் திருவிழா, குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் தவறும். தவறிய நாளுக்குப் பரிகாரமாக மறுநாள் இருபது நிமிடம் உட்காருவது தேவையில்லை. மறுநாள் வழக்கமான பத்து நிமிடத்துக்கு வந்துவிட்டால் போதும். எண் தவறினால் ஒன்றுக்குத் திரும்புவதை இங்கேயும் செய்கிறோம்.

ஆகவே நேரத்தைக் கடிகாரத்தில் தேடாமல் உங்கள் வீட்டு வேலையின் ஓட்டத்தில் தேடுங்கள். பல் துலக்கியதும், காபி குடிப்பதற்கு முன் என்று வைத்துக்கொண்டால், பல் துலக்குவதே நினைவூட்டிவிடும். பிரம்ம முகூர்த்தத்தில்தான் செய்ய வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். விடியலுக்கு முன் வீடு அமைதியாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் எழுந்ததும் அடுப்படிக்குப் போக வேண்டிய பெண்ணுக்கும், இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கும் அந்த விதி தியானத்தையே இல்லாமல் ஆக்கிவிடும். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க் கதவு சாத்தியதும் வரும் பத்து நிமிடம் அந்தப் பெண்ணுக்குப் பிரம்ம முகூர்த்தம்தான். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம், கண் செருகும். தனி அறை இல்லாத வீடுகளே நம்மிடம் அதிகம். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். ஆனால் தினமும் அதே இடமாக இருக்கட்டும். வீட்டிலுள்ளவர்களிடம் பத்து நிமிடம் கூப்பிடாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு டிவியோ தெருவில் காய்கறி வண்டிக்காரரின் குரலோ கேட்டால், அது கேட்கிறது என்று அறிந்து மூச்சுக்குத் திரும்புங்கள். செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பத்து நிமிடத்துக்கு மென்மையான ஒலி ஒன்றை வைத்துவிட்டுக் கைக்கெட்டாத தூரத்தில் வையுங்கள். முடிந்த பின் தினசரிக் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு கோடு போடுங்கள். நன்றாக இருந்தது, மோசம், அமைதி வந்தது என்று எதுவும் எழுத வேண்டாம். உட்கார்ந்தேனா இல்லையா என்ற ஒரு கேள்விக்குத்தான் அங்கே விடை. அமைதியை வைத்து அளக்கத் தொடங்கினால், அமைதி வராத முதல் வாரத்திலேயே காலண்டர் உங்களைக் குற்றவாளியாக்கிவிடும்.

குரு இல்லாமல், முந்தைய படிகளைக் கடக்காமல் தியானத்துக்கு வரலாமா என்று மரபறிந்தவர்கள் கேட்பார்கள். திருமூலரின் மூன்றாம் தந்திரம் விரிக்கும் எட்டு உறுப்புகளில் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம் எல்லாம் முடிந்து ஏழாவதாகத்தான் தியானம் வருகிறது, எட்டாவது சமாதி. இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை, இங்கே சொல்லப்படுவது அந்த ஏழாவது படி என்று யாரும் உரிமை கொண்டாட வேண்டாம் என்பதே. சமாதியை நாடும் பாதைக்கு ஆசிரியரும் ஒழுக்கமும் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கவனத்தை ஓரிடத்துக்குத் திருப்பப் பழகும் இந்தச் சிறு பயிற்சி, அந்தப் பாதையில் பின்னால் போக விரும்புகிறவருக்கும் தடையாகாது. இது எங்கள் மதத்துக்கு ஒத்துவருமா என்று தயங்குகிறவர்களும் உண்டு. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ஹெர்பர்ட் பென்சன் 1975இல் வெளியிட்ட நூலில் சொன்ன முறையில் மூச்சோடு ஒரு சொல்லைத் திரும்பச் சொல்வதும், குறுக்கிடும் எண்ணங்களைப் பொருட்படுத்தாமல் அந்தச் சொல்லுக்குத் திரும்புவதும்தான் சாரம். சொல் எதுவாகவும் இருக்கலாம். எண்ணுவதற்குப் பதிலாக நமசிவாய என்றோ, இயேசுவே என்றோ, அல்லாஹ் என்றோ சொல்லுங்கள். அதுவும் வேண்டாம் என்பவருக்கு வெறும் எண்ணே இருக்கிறது.

தியானம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2014இல் 47 மருத்துவச் சோதனைகளை, மொத்தம் 3,515 பேரை உள்ளடக்கியவற்றை, ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, உடல்வலி ஆகியவற்றில் மிதமான அளவுக்கு நன்மை தெரிந்தது. உடற்பயிற்சியையோ மருந்தையோ விட அது மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனவே நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டுத் தியானத்துக்கு வராதீர்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தியானத்தை நம்பி நிறுத்தவே கூடாது. தீங்கும் சிலருக்கு நேர்வதுண்டு. 2020இல் வெளியான, 83 ஆய்வுகளைத் தொகுத்த ஓர் அறிக்கை, ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்குப் பதற்றம், மனச்சோர்வு போன்ற ஏதாவது ஒரு பாதகமான அனுபவம் நேர்ந்ததாகக் கணக்கிட்டது. சிலருக்குக் கண்ணை மூடியதும் பழைய துயரம் ஒன்று பெருக்கெடுக்கும், மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு இறுகும். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீரம் ஆகாது. கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதையோ சுற்றிலும் கேட்கும் ஓசையையோ கவனியுங்கள். அப்படியும் தணியாவிட்டால் எழுந்து நடங்கள். மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் தொடங்கும் முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். பேச ஆள் வேண்டுமானால், மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416 தமிழிலும் கிடைக்கும்.

கால் மரத்துப்போனால் மெதுவாக மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். தினமும் தூக்கம் வந்தால் இரவுத் தூக்கம் போதவில்லை என்று பொருள், அதை முதலில் கவனியுங்கள். மூன்றாவது வாரத்தில் சலிப்பு வரும். அதையும் ஓர் எண்ணமாகவே பார்த்து ஒன்றுக்குத் திரும்புங்கள். எட்டு வாரம் முடிந்ததும் காலண்டரைப் புரட்டிக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். 56 நாளில் 45க்கு மேல் இருந்தால் பழக்கம் வேர்பிடித்துவிட்டது என்று கொண்டு பதினைந்து நிமிடம் ஆக்கலாம். அதற்கடுத்த மாதம் இருபது. குறைவாக இருந்தால் உங்கள் மனத்தைப் பழிக்காமல் நேரத்தையோ இடத்தையோ மாற்றி, ஐந்தே நிமிடத்தோடு இன்னொரு எட்டு வாரம் செய்து பாருங்கள். முறையாகக் கற்க ஆசிரியரைத் தேடுவதற்கும், பத்து நாள் மௌன முகாம் போன்றவற்றுக்கு விண்ணப்பிப்பதற்கும் அதன் பிறகு வரும் காலமே பொருத்தம். தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து பழகியவருக்கு அங்கே என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.